உப்புத் தேத்தண்ணியும் ஒரு நாகக் குளிசையும்

என் அன்பான இஞ்சாருங்கோ,

உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது? கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. 'இஞ்சாருங்கோ' என்றால் கிணற்றடியில் நின்றாலும் 'ஓம், என்ன?' என்று குரல் வரும். இப்போதும் சில நேரம் பழக்கதோசத்தில் கூப்பிட்டுவிடுகிறேன். கல்வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிற குதிரை மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும். அதற்கு என்ன விளங்கியதோ தெரியாது.

துஷி உங்களுக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறாள். வருச முடிவில் வருகிற ஆட்டைத் திவசத்துக்கு முதலே வந்திருக்க வேண்டியது. உங்கள் மகள் அல்லவா, எல்லாம் பிந்தித்தான். உங்களோடு படிப்பித்தவர்களும் உங்களிடம் படித்தவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பண்பாளராம், பேராசானாம், நெடுந்தீவின் ஒளியாம். வாசித்துவிட்டு, 'இது ஆரப்பா?' என்று கேட்டேன். 'அம்மா, நீங்களும் நாலு வரி எழுதுங்கோ' என்றாள். நாலு வரியில் எழுத எனக்குத் தெரியாது. உங்களோடு கதைக்கிற மாதிரி எழுதுகிறேன். ஊர் முழுக்க வாசிக்கட்டும், எனக்கென்ன வெட்கம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு என் நாக்கில் ருசி இல்லாமல் போய்விட்டது.

துக்கத்தில் சாப்பாடு இறங்காது என்று சொல்வார்களே, அது வேறு. சோறு இறங்கியது. ஆனால் சோறு சோறாக இல்லை. உப்புக் கல்லை வாயில் போட்டால் கல் மட்டும்தான் இருந்தது. மாம்பழம் ஈரமாக வழுக்கியது, அவ்வளவுதான். மிளகாய்த் தூள் நாக்கைச் சுட்டது, சுட்டதைத் தவிர அதிலும் ஒன்றும் இல்லை. முதல் மாதம் இது எல்லாருக்கும் வருவதுதான் என்று இருந்தேன். மாரி போய், வெயில் வந்து, கடல் திரும்பவும் கண்ணாடியாய்ப் படுத்த பிறகும் நாக்கு அப்படியே கிடந்தது.

அந்த மாதங்கள் முழுக்க நான் பாதி நித்திரையில் நடந்தேன் என்று நினைக்கிறேன். காலையில் கூட்டிய முற்றத்தை மத்தியானமும் கூட்டுவேன். குறிகட்டுவானில் இருந்து படகு வரும் நேரம் வாசல் படலைக்குப் போய் நிற்பேன். ஆரைப் பார்த்து நிற்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு திரும்பி வருவேன்.

ஒன்று சொல்லட்டா? ருசி போனது எனக்குக் கவலையாக இருக்கவில்லை. அது உங்களோடு கூடப் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு ஆறுதல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்த மனுசன், ஒரு சொல்லும் சொல்லாமல் போன மனுசன், என்னிடம் இருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போனது நல்லதுதானே? வெறுங்கையோடு போகவில்லை என்று இருந்துவிட்டேன்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. மறைக்கிறதும் லேசாக இருந்தது. மாதம் மாதம் உங்கள் திதிக்கு மாசியப் படையல் வைத்தேன். படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது, உங்களுக்குத் தெரியும். அகப்பையால் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிற கையை அன்று கட்டிப்போட வேண்டும். ஊரில் எல்லாப் பெண்களும் அன்று நாக்கில்லாமல்தான் சமைக்கிறார்கள். அதில் என் நாக்கை ஆர் கண்டது? கறி எப்படி இருந்தாலும் திவசச் சாப்பாட்டைக் குறை சொல்ல இந்தத் தீவில் ஒருவருக்கும் வாய் வராது.

ஆனால் உங்கள் அக்கா இருக்கிறாவே, என் பரமேசு மச்சாள். வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிற மனுசி, மத்தியானச் சாப்பாடு என்னோடுதான். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் என் கறியில் ஒரு குறையாவது சொல்லாமல் அவர் கை கழுவினதில்லை. புளி காணாது, பால் கூடிப்போச்சு, கத்தரிக்காய் முத்தல். நீங்கள் செத்த பிறகு வாயே திறக்கவில்லை. போடுகிறதைச் சாப்பிட்டார், கையைக் கழுவினார், போனார். தம்பியைப் பறிகொடுத்தவ, கறியைப் பற்றி என்ன கதைப்பா என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு பின்னேரம் தன் வீட்டில் இருந்து மூக்குப்பேணியில் தேத்தண்ணி கொண்டு வந்தார்.

'இந்தாரும், குடியும்.'

குடித்தேன். சுடச்சுட முழுவதையும் குடித்தேன்.

'எப்பிடி இருக்கு?'

'நல்லாயிருக்கு மச்சாள்.'

'சீனி காணுமோ?'

'காணும், காணும். அளவாய் இருக்கு.'

மச்சாள் குசினி வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார். 'நான் அதுக்குச் சீனி போடேல்லை. உப்புப் போட்டனான். அள்ளிப் போட்டனான்' என்றார். உங்கள் செத்தவீட்டில் எல்லாரும் விழுந்து குழறும்போதும் நிமிர்ந்து நின்ற மனுசி, அந்தப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

'எப்ப தொடக்கம்?'

'அவர் போனதில இருந்து.'

'ஏன் எனக்குச் சொல்லேல்லை?'

'சொல்லி என்ன செய்யிறது மச்சாள். அது அவரோட போட்டுது.'

'விசர்க்கதை கதையாதையும்! நாளைக்குக் காலமை வெளிக்கிடும், ஆசுப்பத்திரிக்கு.'

எங்கள் ஆசுப்பத்திரிக்கு இப்போது ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்திருக்கிறா. கோபம் வராத முகம். என் நாக்கை நீட்டச் சொல்லி ரோச் லைற் அடித்துப் பார்த்தா. பிறகு நாக்கை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கினா.

'அம்மா, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறனீங்கள்?'

'காலமை பாணும் வெறுந்தேத்தண்ணியும். மத்தியானம் சோறும் ஒரு மரக்கறியும். இரவில பசிக்கிறேல்லை, ஒரு தேத்தண்ணி.'

'மீன், முட்டை?'

'ஆட்டை முடியுமட்டும் மச்சம் தொடுறேல்லை.'

'பருப்பு, பயறு, எள்ளு ஏதும்?'

'எல்லாம் எதுக்குப் பிள்ளை? ஏதோ ஒரு கறி வைச்சாக் காணும்.'

பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. 'உங்களுக்கு சிங்க் காணாது போல கிடக்கு அம்மா. நாக்கில ருசி பிடிக்கிற மொட்டுகள் பழசு செத்துப் புதுசு முளைச்சுக்கொண்டே இருக்கும். அதுக்கு சிங்க் வேணும். இதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்லேலாது, வேறயும் இருக்கலாம். முதல் இந்தக் குளிசையைக் கரைச்சுக் குடியுங்கோ. சரிவராட்டி யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தாறன்.'

வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற அதே வெள்ளைக் குளிசைதான்.

'சிங்க் எண்டா… நாகமோ?' என்று கேட்டேன்.

'ஓம் அம்மா, பள்ளிக்கூடப் புத்தகத்தில நாகம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?'

நான் வாய் திறக்க முதல் மச்சாள் சொன்னார்: 'இவவின்ர மனுசன் இரசாயனம் படிப்பிச்ச மாஸ்ரர், பிள்ளை. அந்த வீட்டில உப்பு இல்லாட்டியும் நாகம் இருக்கும்.'

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. டொக்டர் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம்.

ஆனால் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் சிரிப்புப் போய்க் கோபம் வந்துவிட்டது. இது என்ன அநியாயம்! உங்களோடு இத்தனை காலம் வாழ்ந்து, உங்களைப் பறிகொடுத்து, நாக்குச் செத்துப்போய் நிற்கிறேன். அதற்குப் பெயர் நாகக் குறைபாடாம். தண்ணியில் கரைத்துக் குடித்தால் தீர்ந்துவிடுமாம். அப்படியென்றால் இத்தனை மாதம் நான் பட்டது என்ன? அட்டையோடு குளிசையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள், உங்கள் சேட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

கோபத்தோடு கிணற்றடிக்குப் போனால் அங்கே வாளி. அதன் வயிறு முழுக்கப் பூப்பூவாய் வெள்ளிக் கோலம். உருக்கின நாகத்தில் இரும்புத் தகட்டைத் தோய்த்து எடுத்தால், ஆறும்போது நாகம் பளிங்கு பளிங்காய் உறைந்து இப்படிப் பூக்கும் என்று, கலியாணமான புதிதில் அந்த வாளியை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினீர்கள். மற்றப் பெண்களுக்குப் புருசன்மார் தலைக்குப் பூ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு நீங்கள் வாளியில் பூக் காட்டினீர்கள். நானும் அதைப் பார்த்து மயங்கினேன், அது வேறு கதை.

அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள் கனவில் நடப்பது போலத்தான் நடந்தேன். தொட்டதெல்லாம் நீங்கள் சொல்லித் தந்த நாகம். மேசையில் ரோச் லைற்: உள்ளே இருக்கிற பற்றறியின் உறையே நாகம், அது கரையக் கரையத்தான் வெளிச்சம். சாமியறையில் பித்தளைத் தட்டம்: செம்போடு நாகம் சேர்ந்த மஞ்சள். துஷிக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டபோது பூசின ரோசாப்பூ நிறத் தண்ணி மருந்து, அதிலும் நாக ஒட்சைட்டு. கைப்பிள்ளையாய் இருந்தபோது அவளின் குண்டியில் பூசின வெள்ளைக் களிம்பும் அதுதான். (துஷி, இந்த வரியை வெட்டாதே.)

குசினித் தாழ்வாரத்துத் தகரத்தைப் பார்த்தேன். கடற்பக்கத்து விளிம்பில் பூவெல்லாம் மங்கிச் சாம்பல் நிறமாய்க் கிடந்தது. உப்புக்காற்று முதலில் நாகத்தைத் தின்று முடித்துவிட்டுத்தான் இரும்பில் கை வைக்கும் என்பீர்கள். படகுகளின் அடியில் இரும்பைக் காக்க நாகக் கட்டி பூட்டுவார்கள், அதற்குப் பூச்சு அடிக்கக் கூடாது என்று இறங்குதுறையில் எத்தனை பேரோடு வாய்த்தர்க்கம்! ஒரு நாள் ஆரோ, 'நாகம் எண்டா தியாகி போல, என்ன மாஸ்ரர்?' என்று கேட்டதற்கு நீங்கள் எரிந்து விழுந்தது நினைவிருக்கிறதா? 'தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இலத்திரனைக் குடுக்க இரும்பை விட அது முந்துது. அவ்வளவுதான்!' எதையும் பெரிதாக்கிப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. எனக்கு எதையும் பெரிதாக்காமல் பேச வராது. இருந்தும் எப்படியோ குடும்பம் நடத்தினோம்.

மத்தியானம் பாயில் சரிந்தபோது கனவில் வந்தீர்கள். பள்ளிக்கூடத்து ஆய்வுகூடம். சன்னலால் கடல் தெரிகிறது. நீங்கள் சோதனைக்குழாயில் வெள்ளைத் தூளை வைத்துச் சூடாக்குகிறீர்கள், அது மெல்ல மெல்ல மஞ்சளாகிறது. சுவாலையை எடுத்துவிட்டுக் குழாயை என் பக்கம் நீட்டுகிறீர்கள், ஆற ஆறப் பழைய வெள்ளைக்கே திரும்புகிறது. நிசத்திலும் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினதுதானே. கனவில் அதோடு நிற்கவில்லை. நாகத் தூளை நெருப்பில் தூவினீர்கள். நீலமும் பச்சையுமாய் எரிந்து வெள்ளைப் பஞ்சாய் மேலே போனது. சன்னலால் வெளியே போய், கல்வேலிகள் மேலே, பனைகள் மேலே, குதிரைகளின் முதுகு மேலே, கடல் மேலே மெதுவாய் இறங்கிக்கொண்டிருந்தது. தீவு முழுக்க வெள்ளை. நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கனவில் ஏன் நீங்கள் கதைப்பதே இல்லை? நான்தான் இடைவிடாமல் கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதாலா?

எழும்பின பிறகும் குளிசையைத் தொடவில்லை. அந்தக் கனவு இன்னும் வரவேண்டும் என்று இருந்தது. ருசி வந்துவிட்டால் கனவு நின்றுவிடும், நீங்களும் நின்றுவிடுவீர்கள் என்று ஒரு பயம். சிரிக்காதீர்கள்.

சில நாள் கழித்து மச்சாள் கேட்டார். 'குளிசை எப்பிடி, கைக்குதோ?'

'இல்லை மச்சாள், ஒண்டும் தெரியேல்லை.'

'அட்டையைக் கொண்டாரும் பாப்பம்.'

கொண்டுவந்தேன். ஒன்றும் உடைக்காத முழு அட்டை. கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை.

'ருசி வந்தா அவன் போயிடுவான் எண்டோ?'

நான் கோப்பையில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

'என்ர தம்பியை நீர் நாக்கிலையோ வைச்சிருக்கிறீர்?'

கேட்டுவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார். போட்ட சோறு கோப்பையில் அப்படியே கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் பின்னால் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் சோற்றை மூடிவைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன்.

எங்கள் தேசி எலுமிச்சை மரத்தடியில் போய் நின்றேன். அந்த மரம் இந்த வருசம் உங்களுக்காக வாடிவிட்டது என்று ஊரே சொன்னது. வந்தவர்கள் எல்லாரும், 'பாத்தியளே, மாஸ்ரர் போன துக்கம் மரத்துக்கும் விளங்கியிருக்கு' என்று அதைத் தடவிவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பின்னேரங்களில் அதற்குப் பக்கத்தில் போய் இருப்பேன், இரண்டு பேரும் சேர்ந்து துக்கம் காப்பது போல.

அன்றைக்குத்தான் இலையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். எலிக்காது மாதிரிச் சின்ன இலை. நரம்பு பச்சையாய் இருக்க, இடையில் எல்லாம் மஞ்சள். இதை நான் முன்பு கண்டிருக்கிறேனே! எங்கள் தீவு பவளக்கல் மண், சுண்ணாம்பு கூடினது, நாகம் கிடந்தாலும் வேருக்கு எட்டவிடாது என்று சொல்லி வருசம் வருசம் நாகச் சல்பேற்றுக் கரைத்து அடிப்பீர்களே. இந்த வருசம் அடிக்க ஆள் இல்லை. மரத்துக்குத் துக்கம் இல்லை, இஞ்சாருங்கோ. மரத்துக்கு நாகம் இல்லை.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு ஒன்று தோன்றியது. நாகம் அடித்து இலை விரிந்தால் மரம் உங்களை மறந்துவிட்டது என்று ஆகுமா? நட்டது நீங்கள்தானே. வாடினாலும் காய்த்தாலும் அது உங்கள் மரம்தானே. அப்படியென்றால் நான் மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன்?

பின் கொட்டிலில் நீங்கள் வைத்த போத்தலில் அந்தச் சல்பேற்றுப் பளிங்கு மிச்சம் இருந்தது. அளவு எனக்கு மனப்பாடம், நீங்கள் கரைக்கும்போது பக்கத்தில் நின்று ஏச்சு வாங்கினது நான்தானே. இலை எரியாமல் இருக்க நீற்றின சுண்ணாம்பும் சேர்த்தேன். வெயில் தணிந்த பிறகு மரம் நனைய நனைய அடித்தேன். பாதி என் தலையில்தான் விழுந்தது. கையைக் காலை நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே வந்து, ஒரு கோப்பைத் தண்ணியில் குளிசையைப் போட்டேன். அது நுரைத்துக் கரைந்து தண்ணி வெண்மையானது. குடித்தேன். வெறுந்தண்ணிதான். ஒரு ருசியும் இல்லை.

மச்சாள் வீட்டு வேலியில் போய் நின்று, 'குடிச்சிட்டன்' என்று மட்டும் சொன்னேன். உள்ளே இருந்து, 'சரி' என்று மட்டும் குரல் வந்தது. அடுத்த நாள் மத்தியானம் வழக்கம் போலச் சாப்பிட வந்தார்.

பருப்பு அவித்தேன், பயறு அவித்தேன், எள்ளுருண்டை பிடித்தேன். மருந்து போலத்தான் விழுங்கினேன். தேசிமரத்தில் புதுத் துளிர் வந்து அகல இலையாய் விரியத் தொடங்கியது. என் நாக்கில் ஒன்றும் துளிர்க்கவில்லை. மரத்துக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை என்று உங்களைத்தான் ஏசினேன்.

பிறகு ஒரு காலமை. எதையோ யோசித்துக்கொண்டு கோப்பையை எடுத்து வாயில் ஊற்றினேன். சீ! அப்படியே குசினி நிலத்தில் துப்பிவிட்டேன். துருப்பிடித்த ஆணியைச் சூப்பின மாதிரி, வாயை இறுக்கி இழுக்கிற ஒரு கேவலமான ருசி. பிள்ளைகள் இதைக் கண்டால் ஓடுவதில் என்ன பிழை?

பிறகுதான் என்ன நடந்தது என்று விளங்கியது. மிச்சத்தையும் குடித்தேன். சொட்டுச் சொட்டாக, முகத்தைச் சுளித்துச் சுளித்து, அந்தக் கண்ணராவி நாகத் தண்ணியைக் கடைசி வரை குடித்தேன். உங்கள் நாகம்தான் என் நாக்குக்கு முதலில் வந்தது.

சந்தோசப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? நிலத்தில் இருந்து குழறி அழுதேன். இரண்டும் ஒன்றாய்ப் போனது என்று நினைத்திருந்தேன். ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றது வரவில்லை. வராது. பெரிய ஆசுப்பத்திரிக்கென்று உங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனபோதும், கொள்ளி வைத்துவிட்டு வந்தபோதும், மாசியம் மாசியமாய்ப் படைத்தபோதும் எனக்கு அது உறைக்கவில்லை. அந்தக் காலமை, வாய் முழுக்க அந்தக் கெட்ட ருசியோடு இருந்தபோதுதான் உறைத்தது. நீங்கள் செத்துப்போனீர்கள்.

அழுது முடிய எழும்பி, முதல் நாள் கத்தரிக்காய்க் கறிச் சட்டியைத் திறந்து ஒரு விரல் தொட்டு வைத்தேன். ஐயோ கடவுளே! கடல் தண்ணி தோற்றுப்போகும். சட்டியோடு வேலிக்கு ஓடினேன்.

'மச்சாள்! இதையோ இவ்வளவு நாளும் திண்டனீங்கள்?'

மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

'ருசி வந்திட்டுதோ?'

'வந்திட்டுது. ஏன் மச்சாள் ஒரு சொல்லும் சொல்லேல்லை? உங்களுக்குப் பிறசர் வேற!'

'சொன்னா நீர் அடுப்பு மூட்டாம விட்டிடுவீர் எண்டு பயந்தனான். அடுப்பும் இல்லாட்டி நீர் என்னெண்டு எழும்புவீர்?' என்றார். பிறகு வேலிக்கு மேலால் கையை நீட்டிச் சட்டியை வாங்கி, மாட்டுக்கும் ஆகாது என்று சொல்லிக் குப்பையில் கொட்டினார். உங்கள் அக்காவை எனக்கு எப்போதும் பிடிக்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வேலி இல்லாவிட்டால் காலில் விழுந்திருப்பேன்.

இனி உங்கள் ஆட்டைத் திவசத்தைச் சொல்கிறேன். துஷி கொழும்பில் இருந்து வந்துவிட்டாள். முதல் படகில் ஐயர் சாமான்களோடு வந்து இறங்கினார். அன்றைக்குச் சமையல் முழுக்க நான்தான் என்று சொல்லிவிட்டேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்ப் பால்கறி, வடை, பாயாசம். குழம்பு கொதித்து வாசம் எழும்ப என் கை தானாக அகப்பையை எடுத்தது, மற்றக் கை விரிந்தது. உடனே மடக்கிக்கொண்டேன். இத்தனை மாதம் ருசி தெரியாமல் ருசி பார்க்காமல் இருந்தது ஒரு வேலையே இல்லை. நாக்கு ஊறிக்கொண்டிருக்கும்போது கையை மூடிக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அதுதான் படையல். உப்பைக் கை அளவில் போட்டேன். மிச்சத்தை உங்களிடம் விட்டேன்.

படைத்து, காகத்துக்கு வைத்து, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகு கடைசிப் பந்தியில் நானும் மச்சாளும் அயல்வீட்டுப் பெண்களும் இருந்தோம். துஷி பரிமாறினாள். சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்து வாயில் வைத்தேன்.

பழப்புளி முதலில் வந்தது. அதற்குப் பின்னால் தேங்காய்ப்பால். கத்தரிக்காய் நெகிழ்ந்து கரைந்தது. வெந்தயத்தின் சின்னக் கைப்பு. உப்பு அளவு. சரியான அளவு. நான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். எவ்வளவு நல்ல குழம்பு தெரியுமா? உங்களுக்கு ஒரு வாய் ஊட்டிவிட முடியாதே. என்றாலும் கை நிற்கவில்லை. பார்த்தால் இலையில் சோறு முடிந்திருக்கிறது.

புருசனின் ஆட்டைத் திவசத்தில் பெண்சாதி எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு வாய் வைத்துவிட்டு இலையை மடிக்க வேண்டும். கண்ணைத் துடைக்க வேண்டும். நான் நிமிர்ந்து, 'துஷி, இன்னும் கொஞ்சம் சோறு போடு பிள்ளை' என்றேன்.

பந்தியில் ஒருத்தி வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினாள். துஷி சோற்றுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

'என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?' என்றார் மச்சாள். 'அள்ளிப் போடு. குழம்பையும் விடு.'

முதலில் வெட்கத்தோடு சாப்பிட்டேன். பிறகு வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். உங்களுக்கு இனிக் கிடைக்காத சோற்றை, இலையை வழித்து வழித்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆட்டை முடிந்தது. நேற்றுச் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற அண்ணை படலையில் மணி அடித்து, 'அக்கா, இனி மச்சம் வாங்குவியள்தானே?' என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு நண்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பெரிதாய்ப் பார்த்து. நண்டுக்கறி வைத்தால் பெரிய கால்கள் இரண்டும் கேள்வி இல்லாமல் உங்கள் கோப்பைக்குத்தான் போகும். சின்னக் கால்களைச் சப்பிக்கொண்டு நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது எனக்குப் போதுமாக இருந்தது. இஞ்சாருங்கோ, இது என் வாக்கு: இனிப் பெரிய கால்களை நானே உடைத்து, நானே சாப்பிடுவேன். உங்கள் பங்கு என்று ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டேன்.

என்றும் உங்கள் மனுசி,
துஷியின் அம்மா